டிரா போதும் என்றால்

வணக்கம்.

இரண்டு வருடமாக ஜப்பானில், சிபாவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரர் ஜெஃப் யுனைடெட் சிபா கால்பந்து அணியின் தீவிர ரசிகர். 2025 டிசம்பரில் அணி முதல் பிரிவுக்குத் திரும்பியபோது அலுவலகம் முழுக்க இனிப்பு கொடுத்தார். ஆனால் 2012 என்று பேச்செடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. என்னவென்று தேடிப் படித்தேன். 42 ஆட்டம் ஆடி ஐந்தாவதாக வந்த சிபாவை, ஆறாவதாக வந்த ஓயிட்டா டிரினிட்டா ஒரே ஆட்டத்தில் தோற்கடித்து மேலே போயிருக்கிறது. போன இடத்தில் அடுத்த ஆண்டு முழுவதும் இரண்டே வெற்றி. அப்படியென்றால் அந்த 42 ஆட்டம் எதற்கு? ஜப்பான் லீக்கின் இரண்டாம் பிரிவான ஜே2 பற்றி அடிக்கடி எழுதுகிற நீங்கள் இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

– சிபாவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேசைக்காரர் மன்னிக்க வேண்டும், அந்த ஆண்டு பரிதாபப்பட வேண்டிய அணி சிபா இல்லை, கியோட்டோ.

2009 முதல் 2011 வரை ஜே2வில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் நேராக முதல் பிரிவான ஜே1 போய்விடலாம். 2012இல் அந்த மூன்றாவது இடத்தைப் பிளே-ஆஃபில், அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட் ஆட்டங்களில் போட்டார்கள்: மூன்று முதல் ஆறு வரை வந்த நான்கு அணிகள், ஒரு இடம். கியோட்டோ சாங்கா கடைசி நாள் காலையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அன்று சாம்பியன் கோஃபுவோடு 0-0. அதே நேரத்தில் ஷோனான் பெல்மாரே மச்சிடாவை 3-0 என்று வென்று தாண்டிவிட்டது. கியோட்டோ மூன்றாவது. முந்தைய வருடமாக இருந்தால் அதுவே போதும். ஒரு வாரம் கழித்து சொந்த மைதானத்தில் ஓயிட்டாவிடம் 0-4. நான்கு கோலையும் மோரிஷிமா யசுஹிதோ ஒருவரே அடித்தார். கியோட்டோ மறுபடி ஜே1 மைதானத்தில் இறங்க 2022 ஆகிவிட்டது.

புள்ளிப் பட்டியலையும் கொஞ்சம் பாருங்கள். ஷோனான் 75, கியோட்டோ 74, யோகோஹாமா எஃப்சி 73, சிபா 72, ஓயிட்டா 71. ஏதோ படிக்கட்டுக்கு அளவெடுத்த மாதிரி! 42 ஆட்டத்துக்குப் பிறகு இரண்டாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நான்கு புள்ளி வித்தியாசம். ‘ஆறாவதாக வந்த அணி’ என்று கேட்டால் எங்கோ கீழே கிடந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

அப்புறம், அந்த 42 ஆட்டத்துக்கு மதிப்பே இல்லை என்பதும் சரியில்லை. மேலே முடித்த அணிக்கு அரையிறுதி சொந்த ஊரில். கூடுதல் நேரம் கிடையாது, பெனால்டி கிடையாது. டிராவானால் பட்டியலில் மேலே இருப்பவருக்கே வெற்றி. இறுதி ஆட்டம் நவம்பர் 23, டோக்கியோ தேசிய மைதானம், 27,000 பேருக்கு மேல் கூட்டம். சிபாவுக்கு 0-0 போதும், 86ஆவது நிமிடம் வரை 0-0தான். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஹயாஷி டகேனோரி முன்னே வந்த கீப்பரின் தலைக்கு மேலே பந்தை மெதுவாகத் தூக்கிவிட்டார். முடிந்தது.

டிரா போதும் என்ற சலுகை பரிசா கண்ணியா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். 2014ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதாக வந்த கிட்டாக்யூஷூவுக்கு ஜே1இல் ஆடும் உரிமம் இல்லை, பிளே-ஆஃபிலும் இடமில்லை. அதனால் மூன்றாவதாக வந்த சிபா அரையிறுதி ஆடாமலே இறுதிக்குப் போய் உட்கார்ந்தது. மற்ற அரையிறுதியில் நான்காவதாக வந்த இவாட்டாவுக்கு 1-1 போதும். 92ஆவது நிமிடத்தில் யமகாட்டாவின் கோல்கீப்பர் யமகிஷி கார்னருக்கு முன்னே ஓடிவந்து தலையால் முட்டி கோல் போட்டார். கோல்கீப்பர்! இறுதியில் சிபாவுக்கும் டிரா போதும். தோற்றது 0-1. எதிரணி மறுபடி ஆறாமிடத்துக்காரர்கள். உங்கள் நண்பரிடம் 2014ஐப் பேசாதீர்கள்.

இப்போது ஓயிட்டா. 2008இல் நபிஸ்கோ கோப்பையை (ஜப்பானின் லீக் கோப்பை) வென்ற அணி அது. மறுவருடமே காசில்லாமல் திண்டாடி, லீக்கின் நிதியிலிருந்து 60 கோடி யென் கடன் வாங்கியது. அந்தக் கடன் அடையாமல் ஜே1க்குப் போக முடியாது என்பது விதி. 2012இல் இன்னும் 30 கோடி பாக்கி. ரசிகர்களும் ஊர் மக்களும் போட்டார்கள், உள்ளூர் வியாபாரிகள் போட்டார்கள், மாகாண நிர்வாகமும் நகராட்சிகளும் போட்டன. அக்டோபரில் கடன் தீர்ந்தது. அதாவது பிளே-ஆஃபுக்கு ஒரு மாதம் முன்பு வரை மேலே போகும் தகுதியே அந்த அணிக்கு உறுதியில்லை. பள்ளிப் பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட ஊரே வசூல் செய்தது போல. கட்டணம் கட்டியாயிற்று, தேர்விலும் தேறியாயிற்று.

மேல் வகுப்பில் என்ன ஆனது என்கிறீர்கள். உண்மைதான், 2013இல் இரண்டு வெற்றி, எட்டு டிரா, 24 தோல்வி. சொந்த மைதானத்தில் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. கடனுக்குப் பணம் திரட்டிய ஊரிடம் புது ஆட்டக்காரர்களுக்கும் திரட்டித் தா என்று கேட்க முடியுமா? இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆறாமிடத்து அணியை மேலே ஏற்றிவிட்டால் அடுத்த ஆண்டு அது அடிவாங்கத்தான் அதிக வாய்ப்பு. 2014இல் ஏறிய யமகாட்டாவும் ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. மச்சிடா ஸெல்வியா ஞாபகமிருக்கிறதா, 2012 கடைசி நாளில் ஷோனானிடம் உதை வாங்கிய அணி? அன்று கடைசி இடத்தில் முடித்து ஜே2வை விட்டே கீழே போனது, அப்படி இறங்கிய முதல் அணி. 2015இல் அதே மச்சிடா மூன்றாம் பிரிவிலிருந்து ஏறி வந்து பிளே-ஆஃபில் சந்தித்தது யாரை? ஓயிட்டாவை. இரண்டு ஆட்டமும் மச்சிடாவுக்கு. 2002 உலகக் கோப்பைக்குக் கட்டிய பிரம்மாண்ட மைதானத்தை வைத்துக்கொண்டு ஓயிட்டா ஜே3க்கு இறங்கியது. கட்டனோசகா டொமோஹிரோ பயிற்சியாளராக வந்தார்: 2016இல் ஜே3 சாம்பியன், 2018இல் ஜே2வில் இரண்டாமிடம், 2019இல் ஜே1இல் ஒன்பதாவது. இந்த முறை பிளே-ஆஃப் தயவு தேவைப்படவில்லை. மச்சிடாவும் 2023இல் ஜே2வை வென்று மேலே போய்விட்டது.

சிபாவுக்கு வருகிறேன். 2025 இறுதி ஆட்டத்திலும், தொகுஷிமாவுக்கு எதிராக, டிரா போதும் என்ற அதே நிலைமைதான். இந்தத் தடவை கோல் போட்டது சிபா, 1-0. அதற்கு முந்தைய ஓமியா ஆட்டத்தில் 0-3 என்று பின்தங்கி 4-3 என்று வென்றார்கள். ஓமியாவின் மூன்றாவது கோல் விழுந்தபோது உங்கள் மேசைக்காரர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினாரா, உட்கார்ந்தே இருந்தாரா? கேட்டு எழுதுங்கள்.