சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருந்தால் போதுமா?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் கடைத்தெருவில் பூட்டி நிறுத்தியிருந்த என் பைக் திருடு போய்விட்டது. அன்றே ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். இன்சூரன்ஸ் நிறுவனம் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கேட்கிறது. ஸ்டேஷனில் ‘தேடிக்கிட்டு இருக்கோம்’ என்கிறார்கள். வாசலில் மனு எழுதித் தருபவர், 5,000 ரூபாய் கொடுத்தால் அதை எஃப்.ஐ.ஆராக மாற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதியக் கட்டணமே கிடையாது. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

சி.எஸ்.ஆர். என்பது, உங்கள் மனுவைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டோம் என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு இன்னும் பிறக்கவில்லை. ரசீதை எடுத்துப் பாருங்கள்: ஒரு எண், தேதி, கையெழுத்து இருக்கும். எந்தச் சட்டப்பிரிவு என்ற விவரமோ, எஃப்.ஐ.ஆர். போட்டால் தருகிற ‘குற்ற எண்’ என்ற ஒன்றோ இருக்காது. அந்தக் குற்ற எண்ணைத்தான் இன்சூரன்ஸ்காரர் தேடுகிறார்.

அடுத்து, நீங்கள் கொடுத்த மனுவின் நகலைப் பாருங்கள். அதில் ‘எனது வாகனத்தைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று இருக்கிறதா? வாசலில் எழுதித் தருபவர்கள் வருடக்கணக்காக இந்த ஒரே வாசகத்தைத்தான் எல்லோருக்கும் எழுதுகிறார்கள். ‘காணவில்லை’ என்றால் தொலைந்த பொருள், ‘திருடிச் சென்றுவிட்டார்கள்’ என்றால் குற்றம். முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரசீதோடு முடித்துவிட ஸ்டேஷனுக்கு வசதி. அந்த வார்த்தையை எழுதிய அதே ஆள், இப்போது அதைச் சரிசெய்ய 5,000 கேட்கிறார்! மனு எழுத உங்களுக்கு யாரும் தேவையில்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், வண்டி எண், பூட்டியிருந்தீர்களா, திரும்பி வந்தபோது என்ன பார்த்தீர்கள், அருகில் கேமரா இருக்கிறதா, இதைப் பேசுகிற தமிழிலேயே எழுதினால் போதும். ‘திருடிச் சென்ற நபர்கள் மீது வழக்குப் பதிவு செய்ய வேண்டும்’ என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாகனத் திருட்டு, போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. ‘எங்க எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க’ என்பதும் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து, உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களிடமும் அதைச் சொல்வார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் தருகிறது. சாதாரணத் திருட்டு இந்த வரம்புக்குள் வரும். ஆனால் இன்ஸ்பெக்டர் தன் இஷ்டத்துக்கு இதைச் செய்ய முடியாது. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். விசாரணையை 14 நாளில் முடிக்க வேண்டும். அதுவும் வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே. வண்டி கிடைக்கும்வரை காத்திருக்க அல்ல. ஆகவே ‘விசாரணையில் இருக்கு’ என்று சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். அனுமதி எந்தத் தேதியில் வாங்கினீர்கள்? 14 நாள் என்றைக்கு முடிகிறது? உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. எப்படிக் கணக்குப் போட்டாலும் கெடு தாண்டிவிட்டது.

சரி, அப்படியும் அசையவில்லை என்றால்? திருத்திய மனுவை, சி.எஸ்.ஆர். நகலோடு மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், எஸ்.பி.க்கு அனுப்பிய சான்றும், உறுதிமொழிப் பத்திரமும் அங்கே தேவைப்படும். அந்தக் கட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், எஸ்.பி. அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்ததும் பெரும்பாலான ஸ்டேஷன்களில் எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்கள். மூன்று வாரம் முடியாதது ஒரு மதியத்தில் முடிந்துவிடும்! வழக்கு எண்ணிக்கை ஏறினால் குற்றம் பெருகிவிட்டது என்று மேலிடம் கேள்வி கேட்கிறது, அதற்குப் பயந்து கீழே ரசீதாகவே கொடுத்துத் தள்ளுகிறார்கள். இந்தக் கணக்கு விளையாட்டில் மாட்டிக்கொள்வது உங்களைப் போன்றவர்கள்தான்.

இன்னொரு பொறியும் உண்டு. சில நாள் கழித்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, ‘ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க’ என்பார்கள். அந்தத் தாளில் ‘இம்மனு மீது மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று இருக்கலாம். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் மனு முடிக்கப்பட்டுவிடும், உங்கள் சம்மதத்தோடு.

எஃப்.ஐ.ஆர். வந்த பிறகும் வண்டி கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றை இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். இப்போதைக்கு, திருட்டு நடந்த விஷயத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டீர்களா என்று பாருங்கள். போனில் சொன்னதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அப்புறம், வண்டியின் இரண்டு சாவிகளும் வீட்டில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். இரண்டையும் ஒப்படைக்கச் சொல்வார்கள்.