வியாழக்கிழமை டப்பாவும் ஞாயிற்றுக்கிழமை ரயிலும்

கேள்வி: ஜெர்மனியில், ஆஹன் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்கிறேன். இது இரண்டாவது செமஸ்டர். முட்டை சாப்பிடுவேன், மற்றபடி சைவம். விசாவுக்காகக் கட்டி வைத்த கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவதை, அப்பா வாங்கியிருக்கும் கல்விக் கடனை நினைத்து இறுக்கிப் பிடிக்கிறேன். ஞாயிறு முழுக்கச் சமைத்து ஐந்து டப்பாக்களில் அடைத்து வாரம் முழுவதும் அதையே சாப்பிடுகிறேன். வியாழக்கிழமை டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் பல நேரம் குப்பையில்தான் கொட்டுகிறேன். உடன் படிப்பவர்கள் உணவகத்துக்கு அழைத்தால் தலைவலி என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் பாரிஸ், பிராக் என்று போய் வருகிறார்கள். நான் பார்த்தது வகுப்பறை, அறை, பல்பொருள் அங்காடி மூன்றும்தான். செலவு செய்தால் குற்ற உணர்வு, செய்யாவிட்டால் ஏக்கம். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆஹன்

பதில்: முதலில் அந்த வியாழக்கிழமை டப்பாவைப் பேசி முடித்துவிடுவோம். குப்பையில் கொட்டுகிற சாப்பாட்டை யாரும் சிக்கனக் கணக்கில் எழுத மாட்டார்கள். அரிசியும் பருப்பும் காசு கொடுத்து வாங்கியவை, ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது, மின்சாரம் விடுதியுடையது. இத்தனையும் போட்டு வியாழனன்று பூஞ்சையை வளர்க்கிறீர்கள். மூன்று டப்பா போதும். மீதி இரண்டு நாள் மதியம் மென்சா என்கிற பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போங்கள்.

அந்தக் கூடத்தை நீங்கள் ஒருமுறை எட்டிப்பார்த்து, இறைச்சி வாசனைக்குப் பயந்து திரும்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் முதல் மூன்று மாதத்தை வீணாக்கினேன். அங்கே மாணவருக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு வேறு விலை. உங்கள் விலைதான் இருப்பதிலேயே குறைவு. நீங்கள் செலுத்தும் செமஸ்டர் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தக் கூடத்தை நடத்தும் மாணவர் நலச் சங்கத்துக்குத்தான் போகிறது. காசில் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்துவிட்டு இலையில் உட்காராமல் எழுந்து வருகிறீர்கள், அவ்வளவுதான். பலகையில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தும் எண்ணும் இருக்கும். அவை பன்றி, மாடு, முட்டை, பால், கோதுமை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லும் குறிகள். அதன் விளக்கத்தை ஒருமுறை கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும். ஜெர்மானியர்களுக்குச் சூடான சாப்பாடு பெரும்பாலும் மதியம்தான், இரவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். இந்தப் பழக்கத்துக்கு மாறினால் இரவு எட்டு மணிக்குக் குக்கர் வைக்கும் வேலையும் மிச்சம்.

அடுத்தது, பயணம். இதற்கும் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். செமஸ்டர் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். டாய்ச்லாண்ட் செமஸ்டர் டிக்கெட் என்று ஒரு வரி இருக்கும். 2023 மே மாதம், மாதக் கட்டணம் 49 யூரோவாகத் தொடங்கிய டாய்ச்லாண்ட் டிக்கெட், 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 63 யூரோ. மாணவர்களுக்கு அதில் 60 சதவீதம்தான். ஆறு மாதத்துக்கு இருநூறு யூரோவுக்கு மேல் கொடுத்துவிட்டு நீங்கள் அதை விடுதியிலிருந்து வகுப்புக்குப் பஸ்ஸில் போக மட்டும் பயன்படுத்துகிறீர்கள். நாட்டின் எந்த நகரப் பஸ்ஸிலும் டிராமிலும் பிராந்திய ரயிலிலும் அது செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. குற்ற உணர்வு வேண்டுமென்றால், இந்தப் பயன்படுத்தாத டிக்கெட்டை நினைத்துக் கொள்ளலாம்.

ஆஹன் ரயில் நிலையத்திலிருந்து ஆர்இ1 என்று ஒரு ரயில் புறப்படுகிறது. கொலோன், டுசெல்டார்ஃப், டூயிஸ்பர்க், எஸ்ஸன், போகம், டோர்ட்மண்ட் வழியாக ஹம் வரை போகிறது. ஒரே ரயில், மாறத் தேவையில்லை. பாரிஸை மறந்துவிட்டு, இந்தப் படிப்பு முடிவதற்குள் இந்த ஒரு தடத்தை முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நிலையம், மடியில் ஒரு டப்பா. டப்பாவைக் கைவிடச் சொல்லவில்லை, அதை அறையிலிருந்து வெளியே கொண்டுவரத்தான் சொல்கிறேன்.

கொலோன் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் தலைக்கு மேல் தேவாலயம் நிற்கும். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த 157 மீட்டர் கட்டடம். கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, ரயில் பாலத்தின் ஓரமாக இருக்கும் நடைபாதையில் ரைன் நதியைக் கடந்து எதிர்க்கரைக்குப் போங்கள். பாலத்தின் கம்பி வலை முழுக்கக் காதலர்கள் பூட்டிவிட்டுப் போன பூட்டுகள். அக்கரையில் ஆற்றைப் பார்த்தபடி அகலமான படிக்கட்டு. அங்கே உட்கார்ந்து டப்பாவைத் திறங்கள். உங்கள் எலுமிச்சைச் சாதத்துக்கு இதைவிட நல்ல காட்சியை எந்த உணவகமும் விற்காது.

ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊருடையது என்று ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒன்றே ஒன்று, ஐந்தாறு யூரோவுக்குள். இதில்தான் சைவக்காரர்கள் கொலோனில் ஏமாறுகிறார்கள், அதுவும் இரண்டு பக்கமும். அங்குள்ள பழைய மதுக்கூடங்களில் 'ஹால்வர் ஹான்' என்று ஒன்று இருக்கும். பொருள், 'அரைச் சேவல்'. நான் ஒரு வருடம் அந்தப் பெயரைக் கண்டதும் பட்டியலின் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். கடைசியில் ஒரு நாள் பக்கத்து மேசைக்கு வந்ததைப் பார்த்தேன்: கம்பு போன்ற கருநிற ரை மாவில் செய்த சின்ன ரொட்டி, வெண்ணெய், விரல் தடிமனில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி, கடுகு, வெங்காயம். சேவலின் இறகுகூடக் கிடையாது. அதே பட்டியலில் 'ஹிம்மெல் உன் ஆட்' என்று இன்னொன்று இருக்கும், 'வானமும் பூமியும்'. ஆப்பிள் மரத்தில் தொங்குவதால் வானம், உருளை மண்ணுக்குள் விளைவதால் பூமி. எத்தனை சாத்துவிகமான பெயர்! மேலே பொரித்த இரத்தத் தொத்திறைச்சியை வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். பெயரில் இறைச்சி உள்ள பண்டத்தில் இறைச்சி இல்லை, பெயரில் இல்லாத பண்டத்தில் இருக்கிறது.

ஆகவே 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் மட்டும் போதாது. உப்பிட்ட பன்றிக் கொழுப்பை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்கள் உண்டு. உருளை வறுவல், பருப்புச் சூப் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருட்களில்தான் அது பதுங்கியிருக்கும். "இஸ்ட் தா ஷ்பெக் ட்ரின்?", அதாவது அந்தக் கொழுப்பு இதில் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அங்கே கற்ற ஜெர்மனில் இன்றும் தடுமாறாமல் வருகிற வாக்கியம் இதுதான். கரடி வடிவ ஜெல்லி மிட்டாய்களில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். எல்லை தாண்டி பெல்ஜியம் பக்கம் போனால், பேர்போன உருளைப் பொரியலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது அவர்களுடைய பழைய வழக்கம்; கேட்காமல் வாங்காதீர்கள். பயமில்லாமல் வாங்கக்கூடியது, கொலோன் பக்கத்து ரைபகூகன். துருவிய உருளையைத் தட்டிப் பொரித்து ஆப்பிள் கூழுடன் தருவார்கள். ஆப்பிள் கூழா என்று முகம் சுளிக்காமல் ஒருமுறை தொட்டுத் தின்று பாருங்கள்.

மற்ற நிலையங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டுசெல்டார்ஃபில் இம்மர்மன் தெரு. நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், ஜப்பானியர்களின் தெரு. சூப்புகளில் மீன் சாறு இருக்கும், ஆகவே ரொட்டிக் கடைக்குள் போய் மெலன்பான் என்ற இனிப்பு ரொட்டியை வாங்குங்கள். டூயிஸ்பர்கில் 1985இல் மூடிய இரும்பு உருக்காலை இப்போது பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது, பழைய ஊதுலையின் உச்சிவரை ஏறலாம். பொறியியல் மாணவி இதைத் தவறவிடக் கூடாது. அடுத்து எஸ்ஸன். ஜெர்மனில் அந்தச் சொல்லுக்குச் 'சாப்பாடு', 'சாப்பிடு' என்று பொருள். ஊர்ப் பெயருக்கும் அதற்கும் உறவில்லை என்றாலும், பசியோடு இருக்கையில் ரயிலில் அறிவிப்பு வந்தால் சிரிப்பு வரும். 1986இல் கடைசி நிலக்கரி எடுத்த ட்சோல்ஃபெரைன் சுரங்கம் அங்கேதான் இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் தெருமுனைகளில் 'பூட' என்று சின்னப் பெட்டிக்கடைகள் இருக்கும். ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சோடா விற்றவை. சன்னலில் விரலை நீட்டி நீட்டி மிட்டாயை எண்ணி வாங்கலாம், ஜெலட்டினைப் பார்த்து.

கடைசி நிலையமான ஹம்மை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டை நடுவில், 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பியது. கிடங்குகளுக்கும் லாரிகளுக்கும் இடையில் திரும்பினால் கோபுரம். ஆண்டுத் திருவிழாவில் தேர் அந்தத் தொழிற்பேட்டைத் தெருவில் ஓடுகிறது, பக்கத்துச் சரக்குக் கால்வாயில் அம்மனுக்குத் தீர்த்தம். அன்று டப்பா வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்குமே என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான் ஞாயிறு. வாங்க எதுவும் இல்லாத ஊரில் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. ரொட்டிக் கடைகள் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் நாள் முழுக்க இருக்கும். அருங்காட்சியகங்கள் ஞாயிறு திறந்து திங்கள் மூடுபவை. ஆனால் விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் ஈஸ்டரில் புனித வெள்ளி விடுமுறை என்று தெரிந்து முந்தைய நாளே வாங்கிவிட்டேன், சனிக்கிழமை கடை திறந்திருந்தபோது தூங்கிவிட்டேன். ஞாயிறு மூடல், ஈஸ்டர் திங்களும் மூடல். அரைக் கிலோ ரவையும் ஒரு புளிப்பு ஆப்பிளும் வைத்துக்கொண்டு இரண்டு நாள். ஆப்பிள் போட்ட உப்புமாவை இங்கே விவரிக்கப் போவதில்லை.

நண்பர்களின் அழைப்புக்குத் தலைவலி சொல்வதை நிறுத்துங்கள். உங்கள் பயம் உணவகம் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு சூப்பும் மற்றவர்கள் முழு விருந்தும் சாப்பிட்டுவிட்டு, மொத்தத்தை ஆறாகப் பிரிப்பார்களே, அந்தப் பயம். ஜெர்மனியில் பணியாளரே "ட்சுசம்மன் ஓடர் கெட்ரென்ட்?" என்று கேட்பார், சேர்த்தா, தனித்தனியா? எவரும் வாயைத் திறப்பதற்குள் "கெட்ரென்ட்" என்று சொல்லிவிடுங்கள். அவரவர் தின்றதை அவரவர் கொடுப்பது அங்கே இயல்பு, கஞ்சத்தனமாக யாரும் நினைப்பதில்லை. தண்ணீருக்கும் காசு, குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதான் என்றாலும் உணவகத்தில் கேட்டால் முகம் மாறுகிறவர்கள் உண்டு. கொடுக்கும்போது ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டி முழு எண்ணாக்கிக் கொடுத்தால் மரியாதை.

பாரிஸுக்கு ஒரு நாள் போகாமலா இருப்பீர்கள். போங்கள், ஆனால் இரவுப் பஸ்ஸில் போய் இரண்டு நாளில் ஒரு கோபுரத்தையும் ஒரு வரிசையையும் பார்த்துத் திரும்புகிறவர்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். நீண்ட விடுமுறை வந்தால் நான் மியூனிக்கைத்தான் சொல்வேன். அங்கே பியர் தோட்டங்களில் உங்கள் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோகலாம். 1812இல் பவேரிய அரசர் மதுவடிப்பவர்களுக்குத் தோட்டத்தில் பியர் விற்க அனுமதி கொடுத்து, ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கத் தடை போட்டார். அன்று ஜனங்கள் கூடையோடு வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். மேசைவிரிப்பு இல்லாத மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு ஆப்பிள் சாற்றுச் சோடாவை வாங்கி வைத்துக்கொண்டு, டப்பாவைத் திறக்கலாம். ஒரு நாடே உங்கள் டப்பாவுக்குச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் அங்குள்ள பினாகோதேக் ஓவியக்கூடங்களில் நுழைவு ஒரு யூரோதான்.

அப்பாவின் கடன் பற்றி: மாதம் நாற்பது யூரோவைத் தனியாக எடுத்து வையுங்கள். மென்சா தவிர்த்த வெளிச்சாப்பாடு, ஊர், கழிப்பறைச் சில்லறை எல்லாம் அதிலிருந்துதான். தீர்ந்தால் அந்த மாதம் முடிந்தது, மீந்தால் அடுத்த மாதத்துக்கு. அதற்குமேல் கணக்கு எழுத வேண்டாம், அப்பாவிடம் ஒவ்வொரு யூரோவையும் ஒப்பிக்கவும் வேண்டாம். ஞாயிறு மாலை ஊதுலையின் உச்சியிலிருந்து ஒரு படம் அனுப்புங்கள்.

கிளம்பும் முன் இரண்டு காரியம். பாதை வேலைக்காக அந்த ஆர்இ1 ரயிலை அடிக்கடி பாதியில் நிறுத்தி பஸ்ஸில் ஏற்றுவார்கள். முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கரண்டி. நான் மறந்துபோய், அந்த ரைன் படிக்கட்டில் கையால் பிசைந்து சாப்பிட வேண்டியதாயிற்று. பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் டப்பாவையும் என் விரல்களையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு "மால்ட்சைட்" என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம் அது. நாய்க்குத்தான் கடைசிவரை என் அப்பளத்தின் மேல் கண்.