பெனிசிலின் தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்துதானே? பிறகு ஏன் அதைப் பூஞ்சை வளர்ந்த திரவத்திலிருந்து, தண்ணீரோடு கலக்காத பியூட்டைல் அசிடேட் என்ற கரைப்பானில் பிரித்தெடுக்கிறார்கள்?

தண்ணீரில் நன்றாகக் கரைவது பெனிசிலினின் உப்பு. சோடியம், பொட்டாசியம் உப்பாக ஊசி மருந்தில் நாம் பார்ப்பது அதைத்தான். பெனிசிலின் ஜி உண்மையில் ஓர் அமிலம், அதன் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் இல்லாமல் நிற்கும் பி.எச்.) சுமார் 2.75. பி.எச். 7-ல் ஏறக்குறைய 18,000 மூலக்கூறுகளில் ஒன்றுதான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். மற்றதெல்லாம் அயனி, தண்ணீரை விட்டு நகராது. பி.எச்.சை 2-க்கு இறக்கினால் 85 சதவீதம் மின்னூட்டத்தை இழந்துவிடும். அப்போது பியூட்டைல் அசிடேட்டைச் சேர்த்தால் அதற்குள் போய்விடும். அப்புறம் அந்தக் கரைப்பானை பி.எச். 7 உள்ள தண்ணீரோடு கலக்கினால் மருந்து திரும்பத் தண்ணீருக்கே வரும், அழுக்கில் ஒரு பகுதியைப் பின்னால் விட்டுவிட்டு.

இந்தத் திரும்பி வரும் வழிதான் முக்கியம். 1932-லேயே லண்டனில் ரைஸ்ட்ரிக் என்ற வேதியியலாளரின் குழு பெனிசிலினை ஈதர் என்ற கரைப்பானுக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஈதரை ஆவியாக்கியதும் மருந்தின் வீரியம் போய்விட்டது. ஆவியாக்கவே வேண்டாம், லேசான காரத் தண்ணீரில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று 1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சொன்னவர் உயிர்வேதியியலாளர் நார்மன் ஹீட்லி. புகழ் என்னவோ ஃபிளெமிங்குக்கு.

எரித்ரோமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாட்டிக் காரம் என்பதால் எல்லாம் தலைகீழ்: பி.எச். 10 பக்கம் கரைப்பானுக்குப் போகும், 5 பக்கம் தண்ணீருக்கு வரும். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இந்த விளையாட்டுக்கே வராது. அதைப் பிடிக்க, அயனிகளைப் பிடித்துவைக்கும் அயனிப் பரிமாற்ற ரெசின்தான் வேண்டும்.

சரி, என் கதை. எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் நொதித்த பிராத்தை, அதாவது பூஞ்சை வளர்ந்த திரவத்தை, சரியாக வடிகட்டாமல், அமிலம் ஊற்றி, பிரிபுனலில் போட்டு மோர் கடைவதுபோல் குலுக்கினேன். மோரேதான் வந்தது! பூஞ்சையின் புரதம் இரண்டு அடுக்குக்கும் நடுவில் நுரைத்து நிற்க, அடுக்கு பிரியட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டேன். பி.எச். 2-ல், அறை வெப்பத்தில், பெனிசிலினில் பாதி சுமார் 20 நிமிடத்தில் சிதைந்துவிடும். நான் வந்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. மறுநாள் மருந்தைச் சோதித்த அகார் தட்டில் பாக்டீரியா மூலை முடுக்கெல்லாம் செழிப்பாக வளர்ந்திருந்தது. “ஐஸ்ல வச்சியாப்பா?” என்று மட்டும் கேட்டார் லேப் அண்ணன்.

தொழிற்சாலைகளில் பிராத்தை முதலிலேயே குளிரவைத்து, மையவிலக்கு எந்திரத்துக்குள் அமிலத்தையும் கரைப்பானையும் சந்திக்கவைத்து, ஓரிரு நிமிடத்துக்குள் பிரித்துவிடுவது இதற்காகத்தான்.