குளிசையை நிறுத்தச் சொல்பவரிடம் போகவேண்டாம்

கேள்வி: எனக்கு 41 வயது. பருத்தித்துறைப் பக்கம் இருக்கிறேன். படுக்கையில் கிடந்த அம்மாவை நான்கு வருடங்கள் நான்தான் பார்த்தேன். போன வருடம் காலமானார். அந்தியேட்டி முடிந்ததும் அண்ணாமார் கனடாவுக்குத் திரும்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நித்திரை இல்லை, நெஞ்சு இறுகுகிறது. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒன்றுமில்லை என்று மனநலக் கிளினிக்குக்குத் துண்டு தந்தார்கள். அங்கே தந்த குளிசையைப் பத்து நாட்களாகப் போடுகிறேன், மாற்றமில்லை. உளவளத்துணைக்கும் வரச் சொல்கிறார்கள். கதைத்து என்ன ஆகப்போகிறது? விசர் கிளினிக்குக்குப் போனால் பிள்ளைகளுக்கு எப்படிக் கலியாணம் பேசுவது என்று மாமி ஏசுகிறார். சிநேகிதி ஒருத்தி, கைவைத்துச் சக்தி பாய்ச்சுவதாகச் சொல்லும் ரெய்கி செய்யும் ஒருவரிடம் கூட்டிப்போனார். மனம் இலேசானது உண்மை. ஆனால் குளிசையை நிறுத்தினால்தான் சக்தி வேலை செய்யும் என்கிறார் அவர். நிறுத்தலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு, நிறுத்தவேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் குளிசைகள் பனடோல் போல அன்றைக்கே கேட்பவை அல்ல. குணம் தெரியத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் வேண்டும். சிலருக்கு ஆறு வாரமும் ஆகும். பத்தாம் நாளில் ஒன்றுமில்லை என்று விடுவது, விதைத்த தோட்டத்தை முளை வருமுன் கொத்திப் போடுவது. வயிற்றுக் குமட்டலோ தலைச்சுற்றோ இருந்தால் எழுதிக்கொண்டுபோய் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் அவருடைய பொறுப்பு. தைரொய்ட் குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால், இரத்தம் சோதிக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

ரெய்கி 1922 அளவில் ஜப்பானில் மிக்காவோ உசுயி என்பவர் தொடங்கிய முறை. கையிலிருந்து ஒரு சக்தி பாய்ந்து நோயை மாற்றுகிறது என்பதை எந்த ஆய்வும் நிறுவவில்லை. ஆனாலும் உங்கள் மனம் இலேசானதை நான் நம்புகிறேன். நான்கு வருடங்களாக அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, படுக்கைப்புண் வராமல் பார்த்தவர் நீங்கள். அத்தனை காலத்தில் "நீ கொஞ்சம் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? அமைதியான ஓர் அறையில் ஒரு மணிநேரம் உங்களைப் படுக்கவைத்து ஒருவர் அக்கறையோடு பக்கத்தில் இருந்திருக்கிறார். அந்த ஆறுதல் உங்களுக்குத் தேவைப்பட்டது. அது வேண்டுமென்றால், கைக்காசுக்குள் அடங்குமென்றால், போங்கள். ஆனால் இந்த மனிதரிடம் வேண்டாம். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவர், தனக்குத் தெரியாத விடயத்தில் உங்கள் உயிரை வைத்து விளையாடுகிறார். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

துணையாக வைத்துக்கொள்ள நல்லவை நம்மிடமே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல வைத்தியராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனம் தளர்வதற்கு அவரவர் சமய மந்திரத்தையே உருப்போடச் சொல்லி, அதைச் சிகிச்சையோடு சேர்த்தே பயன்படுத்தினார். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் மனம் ஆறுமென்றால் போய் இருந்துவிட்டு வாருங்கள். நெஞ்சு இறுகும்போது நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இருதயத் துடிப்பு தணியும். கைதடிக்குச் சித்த வைத்தியத்துக்குப் போவதானால் இரண்டு வைத்தியர்களிடமும் இரண்டு மருந்தையும் காட்டுங்கள். அண்ணாமார் கனடாவிலிருந்து "இயற்கை மருந்து" அனுப்பினாலும் அப்படியே. செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகைக் குளிசை, மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் ஆபத்தை விளைவிக்கும்.

இனி, கதைத்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் அண்ணாமாரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். நீண்டகாலம் நோயாளியைப் பார்த்தவர்களில் பலருக்கு, மரணம் நடந்த அன்று "அப்பாடா" என்று ஒரு கணம் மூச்சு வந்திருக்கும். அடுத்த கணமே, இப்படியும் நினைத்தேனே என்ற குற்ற உணர்வு பிடித்துக்கொள்ளும். அதை அண்ணாவிடம் சொல்லமுடியாது, மாமியிடம் சொல்லமுடியாது, கணவரிடம்கூடத் தொண்டை அடைக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால், அதைச் சொல்வதற்குரிய இடம் உளவளத்துணையாளரின் அறை. அவர் புத்திமதி சொல்லமாட்டார். "அழாதே, அம்மா நல்லாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டார்" என்றும் சொல்லமாட்டார். நித்திரை, சாப்பாடு, வீட்டில் யார் யார் என்று கேட்பார்; நீங்கள் பேசாமல் இருந்தால் அவரும் காத்திருப்பார். சொன்னது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. முதல் நாள் அழுதுவிட்டு மட்டும் திரும்பினாலும் வீண்போனது என்று நினைக்காதீர்கள். கிளினிக் தூரமென்றால் பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அரசாங்கச் சேவை, காசு இல்லை.

மாமியின் பயம் எனக்குப் புரிகிறது. ஊர் வாய் எப்படி என்பது அவர் கண்டு வளர்ந்தது. அவரோடு தர்க்கம் பண்ணவேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் சொல்வதை அவர் தன் காதால் கேட்டுவந்து தாயிடம் சொல்லட்டும். மகன் வாயால் கேட்பது வேறு.

ஒன்றைக் கேட்காமல் முடிக்க எனக்கு மனமில்லை. "நானும் அம்மாவோடு போயிருக்கலாம்" என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்கவேண்டாம். அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், வைத்தியசாலைக்குப் போங்கள். இரவாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 24 மணிநேரமும் எடுப்பார்கள்.