ஐடிலிங்ல (வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஆயில் லைட் மினுக்குனா உடனே 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊத்தாதீங்க

ப்ரோ, பெங்களூர் சில்க் போர்டு சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஆயில் லைட் மினுக்குது, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா அணைஞ்சிடுது, மெக்கானிக் 5டபிள்யூ-30க்கு பதிலா 20டபிள்யூ-50 ஊத்தச் சொல்றார்னு எழுதியிருக்கீங்க, தயவுசெஞ்சு இப்பவே ஊத்திடாதீங்க. முதல்ல டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற கம்பி) துடைச்சு லெவல் பாருங்க, மோந்தும் பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா ஆயில் நீர்த்துப் போயிருக்கலாம்.

லெவல் சரின்னா அந்த லைட்ட எரிய வைக்கிற ஆயில் ப்ரெஷர் ஸ்விட்ச கழட்டி அந்த இடத்துல மெக்கானிக்கல் கேஜ் (ப்ரெஷர் காட்டுற மீட்டர்) மாட்டி இன்ஜின் நல்லா சூடானதும் அளக்கச் சொல்லுங்க, ஏன்னா ஸ்விட்ச் கெட்டாலும் லைட் இப்படித்தான் எரியும், ஜேசி ரோட்டு ஸ்பேர் கடைகள்ல புது ஸ்விட்ச் கிடைக்கும். பொதுவா 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ ப்ரெஷர் இருக்கணும்னு சொல்வாங்க, ஆனா உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கிறதுதான் கணக்கு.

டபிள்யூக்கு முன்னாடி நம்பர் குளிர்ல எப்படி ஓடும்ங்கிறது, பின்னாடி நம்பர் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டிங்கிறது. 50 ஊத்தினா கேஜ்ல ப்ரெஷர் ஏறும், ஆனா ப்ரெஷர் குறையக் காரணம் தேஞ்ச பேரிங்னா அது தேஞ்சது தேஞ்சதுதான். என் பழைய வண்டியில சம்ப் (இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டி) கழட்டினா, ஆயில வடிகட்டி உறிஞ்சுற ஸ்ட்ரெய்னர் வலை முழுக்க கருப்பா களிம்பு, அதுக்கு கெட்டி ஆயில் ஊத்தியிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்.

மேனுவல்லயே 5டபிள்யூ-40 இருந்தா தாராளமா போடலாம். லைட் அணையாம எரிஞ்சா மட்டும் அந்த இடத்துலயே ஆஃப் பண்ணி டோ பண்ணுங்க. கேஜ் ரீடிங் வந்ததும் இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.