கூத்து அல்ல, கூட்டல்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய ஆண்கள் கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம்) போட்டியில் 2022-ல் முதலில் வந்தவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர். கோப்பையோ வேறு கல்லூரிக்கு. அதுவும் இரண்டு கல்லூரிகள் சமப் புள்ளி எடுத்திருக்க, ஒன்றுக்கு மட்டும்! ஓட்டத்தில் முதலில் வந்தவன்தானே ஜெயித்தவன்? இது என்ன கூத்து?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: முதலில் வந்த சார்ல்ஸ் ஹிக்ஸை யாரும் ஏமாற்றவில்லை, ஐயா. தனிநபர் பட்டம் அவருக்குத்தான். நீங்கள் கேட்பது அணிப் பட்டம். அதன் கணக்கே வேறு.

ஒரு கல்லூரிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அவர்களில் முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். அணி இல்லாமல் தனியாக ஓடியவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. குறைந்த மொத்தத்துக்குக் கோப்பை. ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களில் வந்தால் 15. அதற்குக் கீழே போக வழியில்லை. 1981-ல் எல் பாசோவின் டெக்சஸ் பல்கலைக்கழகம் 17 எடுத்தது! ஆறாவது, ஏழாவது ஆளை ஒப்புக்குச் சப்பாணி என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் எண்ணைக் கூட்ட மாட்டார்கள், சரி. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளை இவர்கள் முந்திவிட்டால், அவர் இடம் பின்னால் தள்ளிப்போய் எதிரணியின் மொத்தத்தில் ஆளுக்கு ஒரு புள்ளி ஏறும்.

முதல் ஆள் அரை நிமிடம் முன்னால் வந்தாலும் மிச்சமாவது ஓரிரு புள்ளிதான். நடுக்கூட்டம் அப்படியில்லை. 250 பேருக்கு மேல் ஓடும் பந்தயம். புல்தரை, மேடு பள்ளம், 10 கிலோமீட்டர். கடைசி 200 மீட்டரில் ஐந்தாவது ஆளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால், அவர் நொண்டிக்கொண்டு கோட்டைத் தொடுவதற்குள் இருபது பேர் கடந்துவிடுவார்கள். அங்கேதான் கோப்பை கைமாறுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? கென்யாவின் ஹென்றி ரோனோவைப் பாருங்கள். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஓடி 1976, 1977, 1979 என மூன்று முறை முதலில் வந்தார். மூன்று முறையும் அணிக் கோப்பை வேறு கல்லூரிக்கு. (இடையில் 1978-ல் 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகள் படைத்துவிட்டு, அந்த நவம்பரில் இதே போட்டியில் கிட்டத்தட்டக் கடைசியில் வந்தார். மனுஷன் இயந்திரமா என்ன?)

அப்புறம் அந்தச் சமப் புள்ளி. வட அரிசோனாவுக்கு 83, ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் 83. இந்த மாதிரி நேரத்தில் இவர்களின் முதல் ஆளை அவர்களின் முதல் ஆளோடும், இரண்டாமவரை இரண்டாமவரோடும் ஒப்பிட்டு ஐந்து ஜோடி பார்ப்பார்கள். மூன்றில் வட அரிசோனா முந்தியிருந்தது. காசு சுண்டிப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பாவம், ஓட்டம் நடந்ததோ ஸ்டில்வாட்டரில், ஓக்லஹோமா ஸ்டேட்டின் சொந்தத் திடலில்! உங்களைவிட அவர்களுக்குத்தான் வயிறு எரிந்திருக்கும். அடுத்த வருடம் சார்லட்ஸ்வில்லில் 49 எடுத்துக் கோப்பையை வாங்கிப்போனார்கள். வட அரிசோனாவுக்கு 71.

அந்த 2023 பந்தயத்தில் முதலில் வந்தவர் ஹார்வர்டு மாணவர். அடுத்த கடிதத்தை இப்போதே எழுதத் தொடங்கிவிடுங்கள்.