முதியோர் இல்லத்தில் இருக்கும் ஆச்சியைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

சென்னையில் இருக்கிறீர்கள். மாமியார் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், மறதி தொடங்கியிருக்கிறது. மகன் காலேஜ், மகளுக்கு ஏழு வயது. லீவுக்கு ஊருக்கு வரும்போது இவர்களையும் கூட்டிப் போகலாமா, சின்னவள் பயந்துவிடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் "ஆச்சியைப் பார்த்துட்டு வருவோம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். சும்மா பார்ப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். கட்டில் பக்கத்தில் நிறுத்தி "ஆச்சிக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு" என்றால் பிள்ளை நெளியும், ஆச்சியும் நெளிவாள். கையில் ஒரு வேலையோடு போகிற பிள்ளை அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

என் அம்மாவும் இங்கே ஒரு ஹோமில்தான் இருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அங்கேதான். காலையில் சாப்பிட்டது இட்லியா உப்புமாவா என்று கேட்டால் தெரியாது. 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்துக்கு அப்புறம் வந்த என் அண்ணன் மகள், டிவியில் பார்த்ததை வைத்துக்கொண்டு, "ஆச்சி, உங்க காலத்துலயும் இப்படி வெள்ளம் வந்துச்சா?" என்று கேட்டாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி ஆற்றை வரையச் சொன்னாள். இவள் வரைய, அம்மா விரலை வைத்துக் காட்டிக்கொண்டே வந்தாள்: இது சுலோச்சன முதலியார் பாலம், இந்தப் பக்கம் டவுனுக்குப் போகும், அந்தப் பக்கம் பாளை. "ஏட்டி, குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கரையில போட்டுட்டியே. அது ஆத்துக்குள்ளலா இருக்கு!" 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, யார் வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தார்கள் என்று ஒன்று விடாமல் வந்தது. பக்கத்துக் கட்டில் ஆச்சி சேரன்மகாதேவிக்காரி. அந்த வெள்ளம் பெரிசா இந்த வெள்ளம் பெரிசா என்று அவளும் சண்டைக்கு வந்துவிட்டாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததாம் என்று அண்ணன் மகள் போனைப் பார்த்துச் சொன்னதை இரண்டு பேருமே நம்பவில்லை.

மறதி நோயில் பெரும்பாலும் புதிய நினைவுகள்தான் முதலில் போகும், பழையது நெடுநாள் தங்கும். அதனால் "என்னைத் தெரியுதா, நான் யாரு?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "ஆச்சி, நான் உங்க பேத்தி, மூத்த மகன் பிள்ளை" என்று சின்னவளே சொல்லிவிடட்டும். அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திருத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்படியே அங்கே என்னவெல்லாம் கண்ணில் படும் என்பதையும் சொல்லிவிடுங்கள்: சக்கர நாற்காலி, டியூப் மாட்டியவர்கள், பினாயில் வாசனை, தெரியாத தாத்தா ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசலாம் என்பது. தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் குறையும்.

இன்னொன்று காது. வயதானால் முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற ஒலிகள்தான். சின்னப் பிள்ளைகள் குரல் அந்த வகை. பிள்ளை பேசுவதற்கு ஆச்சி பதிலே சொல்லவில்லை என்றால் கோபமோ மறதியோ என்று நினைக்க வேண்டாம். எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசினால் போதும். கத்தினால் இன்னும் புரியாது. டிவியை அணைக்கச் சொல்லுங்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கின கையோடு போகாதீர்கள். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் சிணுங்கும். மறுநாள் காலைப் பலகாரம், குளியல் எல்லாம் முடிந்து பத்து மணிவாக்கில் போங்கள். மறதி உள்ளவர்கள் பலருக்குப் பொழுது சாயச் சாயத் தடுமாற்றமும் எரிச்சலும் கூடும். அரைமணி நேரம் இருந்தால் போதும். சளி, காய்ச்சல் இருக்கிற பிள்ளையை அன்றைக்குக் கட்டாயம் வீட்டில் விட்டுவிடுங்கள்.

அல்வா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிக்கு வந்துவிட்டு அல்வா இல்லாமல் போவதா என்று எல்லாரும் அரைக்கிலோ வாங்கி வருகிறார்கள். சர்க்கரையை விடுங்கள், அது பல்செட்டில் ஒட்டிக்கொண்டு படுத்தும் பாடு இருக்கிறதே! விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஆபத்தும்கூட. எதுவானாலும் நர்ஸிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

காலேஜ் பையன் மூலையில் போனை நோண்டிக்கொண்டு நிற்பான். அந்தப் போனிலேயே வேலை கொடுங்கள். மாமியார் பென்ஷன் வாங்குகிறார் என்றால் ஆண்டுக்கொரு தடவை ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். முகத்தைப் படம் பிடித்தே பதிகிற வசதி ஜீவன் பிரமாண் செயலியில் 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. ஆட்டோ பிடித்து அவரை அலைக்கழிக்காமல் பேரன் அதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். "பேரப்பிள்ளைக்கு என்ன பொறுப்பு?" என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மேஜரான பேரன் பேத்தியையும் 'பிள்ளைகள்' கணக்கில்தான் சேர்த்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது சின்னவள் கண்டிப்பாகக் கேட்பாள்: "ஆச்சி ஏன் நம்ம வீட்டுல இல்ல?" மழுப்பாதீர்கள். ஆச்சியைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும், நம் வீட்டில் பகலில் யாரும் இல்லை என்று உள்ளதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். 'ஆச்சிக்கு அங்கேதான் பிடிக்கும்' என்று சொல்லி வைத்தால், அடுத்த தடவை அவளே ஆச்சியிடம் போய்க் கேட்டுவிடுவாள்.

கிளம்புவதை டீயோ ஜூஸோ வருகிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கவனம் அதில் திரும்பிவிடும். ஆனால் மறந்துவிடுவாள்தானே என்று "நாளைக்கு வாரோம்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறாதீர்கள். உங்கள் மாமியார் மறந்தாலும் பக்கத்துக் கட்டில் ஆச்சி மறக்க மாட்டாள். மறுநாள் பூரா "உன் பேத்தி எங்க, இன்னும் காணல?" என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.